சட்டமன்றத்துக்கு எந்த வழி? பெரிய கட்சி, கூட்டணி, தனிக்கட்சி, சுயேச்சை, உள்ளாட்சி: ஓர் ஒப்பீடு

தொகுதியில் பல ஆண்டுகளாகப் பொதுவேலை பார்த்து, குடிநீர்ப் பிரச்சினைக்கும் பட்டா மாறுதலுக்கும் தாலுகா அலுவலகம் ஏறி இறங்கி, "அடுத்த முறை நீங்களே நின்றால் என்ன?" என்று ஊர்க்காரர்கள் கேட்கும் நிலைக்கு வந்தவர்கள் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். நிற்பது என்று முடிவெடுத்த பிறகுதான் அவர்களுக்கு உண்மையான குழப்பம் தொடங்குகிறது. பெரிய கட்சியில் சேர்ந்து வாய்ப்புக்குக் காத்திருப்பதா, கூட்டணியில் உள்ள சிறிய கட்சிக்குப் போவதா, தனித்துப் போட்டியிடும் கட்சியின் வேட்பாளராவதா, சுயேச்சையாக இறங்குவதா, அல்லது முதலில் உள்ளாட்சியில் வென்று காட்டுவதா என்று வாசகர்கள் பலர் கேட்டிருப்பதால், இந்த ஐந்து வழிகளையும் ஒரே அளவுகோல்களைக் கொண்டு நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. எந்தக் கட்சியின் கொள்கை சரி என்பது இங்கே பேசுபொருள் அல்ல. அதை ஏற்கனவே முடிவு செய்துவிட்டவருக்கும் இந்தக் கணக்கு தேவைப்படும்.

## முதலில் அளவுகோல்கள்

வழி எதுவானாலும் சில விதிகள் எல்லோருக்கும் பொது. வேட்பாளருக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏதேனும் ஒரு சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும், ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டு பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு 5,000 ரூபாய். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாமல் தோற்றவருக்கு அது திரும்பி வராது. 2022 முதல் தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளர் செலவு செய்யக்கூடிய உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய்.

இவற்றுக்கு அப்பால் வழிக்கு வழி வேறுபடுகிற ஐந்து விஷயங்களைத்தான் எடைபோட வேண்டும். வேட்பாளர் யார் என்ற முடிவு யார் கையில் இருக்கிறது என்பது முதலாவது. சின்னம் வாக்காளருக்கு எவ்வளவு பழக்கமானது என்பது இரண்டாவது. பணமும் ஆண்டுகளும் சேர்ந்து ஆகிற மொத்தச் செலவு மூன்றாவது. வென்ற பிறகு அவையில் எவ்வளவு சுதந்திரம் மிஞ்சும் என்பது நான்காவது. தோற்ற பிறகு கையில் என்ன மிஞ்சும் என்பது ஐந்தாவது.

பெரும்பாலானோர் முதல் இரண்டை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். என் மதிப்பீட்டில் ஐந்தாவதுக்கே அதிக எடை தர வேண்டும். 2021 தேர்தலில் சுமார் 4,000 வேட்பாளர்கள் களத்தில் இருந்தார்கள். வென்றவர்கள் 234 பேர். முதல் முறை நிற்பவர் தோற்பதற்கான வாய்ப்பே அதிகம் என்னும்போது, தோல்விக்குப் பின்னும் அடுத்த தேர்தலுக்கு ஏதாவது சேர்த்து வைக்கிற வழிதான் நல்ல வழி. நீண்ட காலம் சட்டமன்றத்தில் இருந்தவர்களிலும் தோல்வியைச் சந்தித்தவர்களே மிகுதி. 1957 குளித்தலையில் தொடங்கி 2016 திருவாரூர் வரை 13 முறை நின்று 13 முறையும் வென்ற மு.கருணாநிதி ஒரு விதிவிலக்கு. அவரை வைத்து யாரும் தம் கணக்கைப் போடக் கூடாது.

## பெரிய கட்சியின் வேட்பாளர்

இங்கே உண்மையான தேர்தல் வேட்புமனுவுக்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. விருப்ப மனுவுக்குக் கட்டணம் கட்டித் தலைமைக் கழகத்தில் நேர்காணலுக்குப் போகிற வரிசையில் ஒரே தொகுதிக்குப் பலர் நிற்பார்கள். நேர்காணலில் கேட்கப்படும் கேள்விகளைவிட, மாவட்டச் செயலாளர் ஏற்கனவே அனுப்பியிருக்கும் கருத்துக்கு எடை அதிகம். அந்தக் கருத்து உங்களுக்குச் சாதகமாக அமைய ஒன்றியம், நகரம், வட்டம் என்று அமைப்புக்குள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்திருக்க வேண்டும். அல்லது அந்த உழைப்புக்கு ஈடாக வேறு ஏதாவது உங்களிடம் இருக்க வேண்டும். அவ்வளவுக்குப் பிறகும் தொகுதிப் பங்கீட்டில் உங்கள் தொகுதி கூட்டணிக் கட்சிக்குப் போய்விட்டால் ஐந்தாண்டுகள் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. பட்டியல் வெளியாகிவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. 2016-ல் அதிமுக தன் வேட்பாளர் பட்டியலை அறிவித்த பிறகு பல தொகுதிகளில் பெயர்களை மாற்றியது.

இத்தனைக்கும் ஈடாகக் கிடைப்பது சின்னமும் வாக்குச்சாவடி அமைப்பும். ஒரு தொகுதியில் ஏறத்தாழ 300 வாக்குச்சாவடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் விடியற்காலையில் மாதிரி வாக்குப்பதிவுக்கு வந்து உட்கார்ந்து, மாலையில் பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி-யின் நகலைக் கையெழுத்துடன் வாங்கிவரும் முகவர் ஒருவர் வேண்டும். அவரை மாற்றிவிட இன்னொருவர் வேண்டும். இந்த அறுநூறு பேரையும் கட்சி ஏற்கனவே வைத்திருக்கிறது. செலவுக் கணக்கிலும் ஒரு சலுகை உண்டு. அங்கீகரிக்கப்பட்ட கட்சி 40 நட்சத்திரப் பேச்சாளர்கள் வரை அறிவிக்கலாம்; அவர்களுடைய பயணச் செலவு வேட்பாளரின் 40 லட்சத்தில் சேராது. ஆனால் அந்தத் தலைவரோடு ஒரே மேடையில் வேட்பாளரும் ஏறிவிட்டால், அந்தக் கூட்டத்தின் செலவில் ஒரு பங்கு அவர் கணக்கில் எழுதப்படும். தலைவர் வேனில் நின்று பேசும்போது பக்கத்தில் கும்பிட்டபடி நிற்க ஆசைப்படாத வேட்பாளர் இல்லை என்பதால், இதைத் தேர்தல் முகவர் முன்கூட்டியே கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

வென்ற பிறகு, அவையில் எப்படி வாக்களிப்பது என்று கட்சி உறுப்பினர்களுக்குச் சொல்லும் கொறடாவின் உத்தரவே சட்டம். 1985-ல் 52-வது திருத்தத்தின் மூலம் வந்த பத்தாவது அட்டவணை, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் மட்டுமல்லாமல், கட்சி உறுப்பினர் நிலையைத் தாமாகவே விட்டுவிட்டதாகக் கருதப்பட்டாலும் பதவியைப் பறிக்கிறது. 2017 செப்டம்பரில் முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் மனு கொடுத்த அதிமுக உறுப்பினர்கள் 18 பேரை அன்றைய பேரவைத் தலைவர் ப.தனபால் தகுதிநீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் முதலில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளிக்க, 2018 அக்டோபரில் மூன்றாவது நீதிபதி தகுதிநீக்கத்தை உறுதி செய்தார். அவையில் அவர்கள் எதிர்த்து வாக்களிக்கவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கட்சியே வெளியேற்றினால் சுதந்திரம் வந்துவிடும் என்பதும் பிழையான கணக்கு. வெளியேற்றப்பட்ட உறுப்பினரும் தம்மைத் தேர்ந்தெடுத்த கட்சியைச் சேர்ந்தவராகவே கருதப்படுவார், வேறு கட்சியில் சேர்ந்தால் பதவி போகும் என்று தமிழ்நாட்டுப் பேரவை தொடர்பான ஜி.விஸ்வநாதன் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

அந்த 18 பேரின் பின்கதை சின்னத்தின் எடையைக் காட்டுகிறது. 2019-ல் 22 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் நடந்தபோது திமுக 13, அதிமுக 9 என்று பங்கிட்டுக்கொண்டன. பதவி இழந்தவர்களில் டி.டி.வி.தினகரனின் அமமுக பக்கம் நின்று மீண்டும் போட்டியிட்ட யாரும் அவைக்குத் திரும்பவில்லை. அவர்களோடு பதவி இழந்து, பிறகு திமுகவில் சேர்ந்து உதயசூரியனில் நின்ற செந்தில் பாலாஜி அரவக்குறிச்சியில் வென்றார்.

தோற்றவருக்கு அமைப்புப் பதவி மிஞ்சும். ஆட்சி தம் கட்சியிடம் இருந்தால் தொகுதியில் செல்வாக்கும் மிஞ்சும். ஆனால் அடுத்த முறை அதே தொகுதி கிடைக்கும் என்ற உறுதி கிடையாது.

யாருக்குப் பொருந்தும்: நாற்பது வயதுக்குள் இருந்து, அமைப்பு வேலையில் அலுப்பில்லாமல், அவையில் கட்சியின் குரலாகவே இருப்பதில் உறுத்தல் இல்லாதவருக்கு.

## கூட்டணியில் உள்ள சிறிய கட்சி

வாக்குக்கும் இடத்துக்கும் உள்ள தொடர்பைக் கூட்டணி எப்படி மாற்றுகிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே தெளிவான இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு. தேமுதிக 2006-ல் தனித்து நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கியும் விருத்தாசலத்தில் விஜயகாந்த் ஒருவர் மட்டுமே வென்றார். 2011-ல் அதிமுக கூட்டணியில் 41 இடங்களில் நின்று, முன்பைவிடச் சற்றுக் குறைந்த வாக்கு சதவீதத்தோடு 29 இடங்களை வென்றது. பாமக 2016-ல் தனித்து நின்று 5 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் ஓர் இடம்கூடப் பெறவில்லை. 2021-ல் கூட்டணியில் 23 இடங்களில் நின்று 5 இடங்களை வென்றது. அதே தேர்தலில் திமுக கூட்டணியில் விசிக 6-ல் 4 இடங்களையும் காங்கிரஸ் 25-ல் 18 இடங்களையும் பிடித்தன. பெரிய கட்சியில் நூறு பேர் வரிசையில் நிற்கும் இடத்தில், ஆறு தொகுதிகள் பெற்ற கட்சியில் உங்கள் மாவட்டத்துக்கு ஒரு தொகுதி கிடைத்துவிட்டால் போட்டி இரண்டு மூன்று பேருக்குள் அடங்கிவிடும்.

இதில் நுட்பமான கேள்வி எந்தச் சின்னம் என்பதுதான். 2021-ல் மதிமுக, மனிதநேய மக்கள் கட்சி, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி, தமிழக வாழ்வுரிமைக் கட்சி ஆகியவற்றின் வேட்பாளர்கள் உதயசூரியனில் நின்றார்கள். எட்டுப் பேர் வென்றார்கள். திமுகவின் எண்ணிக்கை 133 என்று பதிவானதில் அந்த எட்டும் அடக்கம். அதாவது, இவர் எங்கள் வேட்பாளர் என்று கட்சி உறுதி செய்யும் படிவம் ஏ-யும் பி-யும் பெரிய கட்சியின் கையெழுத்தில் வருவதால், அவைப் பதிவேட்டில் நீங்கள் பெரிய கட்சியின் உறுப்பினர், கொறடாவும் அவர்களுடையவர். உங்கள் சொந்தக் கட்சி கூட்டணியை விட்டு வெளியேறினால் நீங்கள் கூடவே வெளியேற முடியாது. விசிகவோ 2021-ல் பானைச் சின்னத்தில் நின்றது. அந்தத் தனிச்சின்னப் பிடிவாதத்தின் பலன் 2024-ல் தெரிந்தது: நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பின் அக்கட்சி மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெற்றது. பெரிய கட்சியின் சின்னத்தில் வாங்குகிற வாக்கு உங்கள் கட்சியின் அங்கீகாரக் கணக்கில் சேராது. இன்றைய வெற்றிக்கு நாளைய அடையாளத்தைக் கொடுத்து ஈடுகட்டுகிறீர்கள்.

மறைமுகச் செலவு இன்னொன்றும் உண்டு. பெரிய கட்சியின் உள்ளூர் நிர்வாகிகள் தங்கள் தொகுதி பறிபோன கோபத்தில் இருப்பார்கள். அவர்களைச் சமாதானம் செய்யாமல் ஒரு தெருவிலும் இறங்க முடியாது. சமாதானமாகாதவர் போட்டி வேட்பாளராகவும் இறங்கக்கூடும். மறுபக்கம், கூட்டணி வாக்கு முறையாகச் சேர்ந்துவிட்டால் எதிர்பாராத இடத்திலும் முடிவு மாறும். மொடக்குறிச்சியில் 2021-ல் திமுகவின் மூத்த தலைவர்களில் ஒருவரான சுப்புலட்சுமி ஜெகதீசனை, அதிமுக கூட்டணியில் நின்ற பாஜகவின் சி.சரஸ்வதி 281 வாக்குகளில் வென்றார்.

யாருக்குப் பொருந்தும்: ஒரு சமூகத்திடமோ ஒரு வட்டாரத்திடமோ உறுதியான ஆதரவு இருந்து, அதைப் பேரம் பேசக்கூடிய பலமாக மாற்றும் தலைமை தம் கட்சிக்கு இருப்பவருக்கு. கூட்டணி உடைந்தால் எல்லாம் உடைந்துவிடும் என்பதை ஏற்கத் தயாராக இருக்க வேண்டும். 2011-ல் பேரவையின் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்த விஜயகாந்த், 2016-ல் உளுந்தூர்பேட்டையில் டெபாசிட்டை இழந்தார்.

## தனித்துப் போட்டியிடும் கட்சி

வாய்ப்பு எளிதில் கிடைப்பது இங்கேதான். 234 தொகுதிகளுக்கும் ஆள் தேடுகிற கட்சி இளைஞர்களையும் பெண்களையும் புதியவர்களையும் தயங்காமல் நிறுத்துகிறது. நாம் தமிழர் கட்சி 2016 முதல் இப்படித்தான் நிறுத்திவருகிறது. கட்டணமோ காத்திருப்போ பெரிதாக இல்லாததால், மேடைப் பேச்சு, வேட்புமனு, வாக்கு எண்ணும் அறை என்று முழுத் தேர்தலையும் ஒருமுறை உள்ளிருந்து பார்த்துவிடலாம்.

குறை சின்னத்தில் இருக்கிறது. அங்கீகாரம் பெறாத கட்சிக்கு ஒரு தேர்தலில் கிடைத்த பொதுச்சின்னம் மறு தேர்தலிலும் கிடைக்கும் என்ற உறுதியில்லை. நாம் தமிழர் கட்சி 2016-ல் இரட்டை மெழுகுவர்த்தியிலும், 2021-ல் கரும்பு விவசாயியிலும், 2024-ல் மைக்கிலும் நின்றது. கரும்பு விவசாயியை வேறொரு கட்சி முந்திக் கேட்டு வாங்கிவிட்டதே கடைசி மாற்றத்துக்குக் காரணம். 2024-ல் 8 சதவீதத்துக்கு மேல் வாங்கிய பிறகே அங்கீகாரம் வந்தது. இப்படியொரு கட்சியில் வேட்பாளராக இருந்தவருக்குத் தோல்விக்குப் பின் மிஞ்சுவது தொகுதியில் சில ஆயிரம் வாக்குகளும் பெயரும்; அதைக் கொண்டு அடுத்த தேர்தலில் என்ன செய்வது என்பது கட்சித் தலைமையின் கூட்டணி முடிவைப் பொறுத்தது, அவரைப் பொறுத்தது அல்ல.

யாருக்குப் பொருந்தும்: கொள்கைப் பிடிப்பு உள்ளவருக்கும், வெற்றியை ஒன்றிரண்டு தேர்தல்களுக்குத் தள்ளிவைக்க முடிந்தவருக்கும்.

## சுயேச்சை

"நேர்மையானவர், தனியாக நின்றாலே ஜெயித்துவிடுவார்" என்று சொல்லும் நண்பர்கள் எல்லோருக்கும் உண்டு. கணக்கு அவர்களுக்கு எதிராக இருக்கிறது. 2011, 2016, 2021 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களிலும் தமிழ்நாட்டில் ஒரு சுயேச்சைகூட வெல்லவில்லை. அதற்கு முன் 2006-ல் தளியில் டி.ராமச்சந்திரனும், 2001-ல் ராதாபுரத்தில் மு.அப்பாவு உள்ளிட்ட மிகச் சிலரும் வென்றார்கள். 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் பிரஷர் குக்கர் சின்னத்தில் டி.டி.வி.தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றதும் சுயேச்சையாகத்தான். ஆனால் அவர் பின்னால் பிளவுபட்ட ஒரு கட்சியின் பெரும் அணி இருந்தது. அப்பாவு ஏற்கனவே 1996-ல் தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்) சார்பில் அதே தொகுதியில் வென்றவர். சுயேச்சையாக வென்றவர்கள் வெறும் சுயேச்சைகளாகத் தொடங்கியவர்கள் அல்லர் என்பதே இவற்றிலிருந்து தெரிவது.

சட்டம் வைத்திருக்கும் தடைகளை வரிசையாகப் பார்ப்போம். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும். மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். இதே ஆர்.கே.நகரில் 2017-ல் நடிகர் விஷாலின் வேட்புமனு தள்ளுபடியானது, முன்மொழிந்தவர்களில் இருவர் அந்தக் கையெழுத்து தங்களுடையது அல்ல என்று சொன்னதால்தான். ஒருவர் ஒரே தொகுதியில் நான்கு வேட்புமனுக்கள் வரை தாக்கல் செய்யலாம். எனவே சுயேச்சையாக நிற்பவர் வெவ்வேறு பத்துப் பேரைக் கொண்டு குறைந்தது இரண்டு மனுக்களாவது போட வேண்டும். பரிசீலனை நாளன்று அவர்களை எட்டக்கூடிய தூரத்தில் வைத்திருக்கவும் வேண்டும்.

அடுத்தது சின்னம். கட்சிச் சின்னம் ஐந்தாண்டுகளும் சுவரில் இருக்கிறது. சுயேச்சைக்கோ வேட்புமனு வாபஸ் முடிந்த பிறகுதான் சின்னம் ஒதுக்கப்படும். வாபஸுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே சட்டம் உறுதி செய்யும் குறைந்தபட்ச இடைவெளி 14 நாட்கள். துண்டறிக்கை அச்சடித்து முடிக்கவே அதில் இரண்டு மூன்று நாட்கள் போய்விடும். மின்னணு இயந்திரத்திலும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், பதிவு செய்த கட்சிகள், சுயேச்சைகள் என்ற வரிசையில்தான் பெயர்கள் அடுக்கப்படுவதால், போட்டி அதிகமுள்ள தொகுதியில் உங்கள் பெயர் இரண்டாவது இயந்திரத்துக்குப் போய்விடலாம். பத்து முன்மொழிபவர், கூடுதல் டெபாசிட் போன்ற கட்டுப்பாடுகள் வந்த காலத்தை நினைத்தாலும் தமிழ்நாடுதான் கண்முன் வருகிறது: 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட வேண்டியிருந்தது. 250 ரூபாயாக இருந்த டெபாசிட் அதே ஆண்டில் 5,000 ஆனது.

வென்றாலும் சுயேச்சைக்கு முழுச் சுதந்திரம் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. எந்தக் கொறடாவும் இல்லை என்பது உண்மை. ஆனால் தேர்தலுக்குப் பின் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் அவர் பதவி இழப்பார். நியமன உறுப்பினருக்குத் தரப்படும் ஆறு மாத அவகாசம்கூட அவருக்குக் கிடையாது. வெளியிலிருந்து அரசை ஆதரிக்கலாம்; உறுப்பினராகச் சேரக் கூடாது. அவையில் பேசும் நேரம் கட்சிகளின் பலத்தை ஒட்டிப் பகிரப்படுவதால் தனி ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். தொகுதி மேம்பாட்டு நிதி மட்டும் எல்லா உறுப்பினர்களுக்கும் ஒன்றுதான். சுயேச்சை என்பதற்காக அது குறையாது.

ஆகவே சுயேச்சை என்பதைத் தொடக்கமாகப் பார்ப்பதைவிட, ஏற்கனவே வாக்கு வங்கி உள்ளவர் இரண்டு கட்சிகளுக்கு நடுவே தங்கிப்போகும் ஒரு கட்டமாகப் பார்ப்பதே பொருத்தம். அப்பாவுவின் வாழ்க்கை அதற்குச் சான்று. 2001-ல் சுயேச்சையாக வென்ற அவர் 2006-ல் திமுக வேட்பாளராக மீண்டும் வென்றார். 2016-ல் அதே ராதாபுரத்தில் 49 வாக்குகளில் அதிமுகவின் இன்பதுரையிடம் தோற்று, தபால் வாக்குகள் தவறாக நிராகரிக்கப்பட்டதாக உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கை நடந்தும், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வழக்கு முடியாமலே அந்தப் பேரவையின் காலம் முடிந்தது. 2021-ல் வென்று பேரவைத் தலைவரானார். 49 வாக்குத் தோல்வியிலிருந்து ஐந்தாண்டுகள் கழித்து மீள, வழக்கு நடத்தும் பொறுமையும் மீண்டும் அதே தொகுதியைத் தரும் கட்சியும் தேவைப்பட்டன. சுயேச்சையாகவே தொடர்ந்திருந்தால் அந்த இரண்டாவது அவருக்கு இருந்திருக்காது.

யாருக்குப் பொருந்தும்: தொகுதியில் ஒருமுறையாவது வென்றவர் அல்லது மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றவர், கட்சி கைவிட்ட நிலையில் தம் வாக்கைக் கணக்குக் காட்ட வேண்டியிருப்பவர். ஒரே ஒரு கோரிக்கையை ஊர் கவனிக்க வைக்க வேண்டும் என்பதற்காக நிற்பவருக்கும் பொருந்தும். அவர் வெற்றியை எதிர்பார்ப்பதில்லை.

## முதலில் உள்ளாட்சி

இதற்கு 21 வயது போதும். ஊராட்சித் தலைவர், ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சி சார்பற்றவை என்பதால் எந்தச் சின்னத்துக்கும் கடன்படாமல் வெல்லலாம். ஒன்றியக் கவுன்சிலரிலிருந்து மேலே எல்லாம் கட்சி அடிப்படை. ஊராட்சித் தலைவராக இருப்பவர் காசோலையில் துணைத்தலைவரோடு சேர்ந்து கையெழுத்திடுவது, கிராமசபையில் வரவு செலவு வாசிப்பது, ஆட்சியர் அலுவலகத்தின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது என்று நிர்வாகத்தை எழுத்து வடிவில் கற்றுக்கொள்கிறார். சட்டமன்ற உறுப்பினரில் பலருக்கு வாய்க்காத பயிற்சி இது. ஓ.பன்னீர்செல்வம் 1996 முதல் 2001 வரை பெரியகுளம் நகராட்சித் தலைவராக இருந்து, 2001-ல் சட்டமன்றத்துக்குள் நுழைந்து அதே ஆண்டு முதலமைச்சரானார். 2006 முதல் சென்னை மேயராக இருந்த மா.சுப்பிரமணியன் 2016-ல் சைதாப்பேட்டையில் வென்றார்.

ஆனால் இந்த ஏணி எப்போதும் சுவரில் சாய்ந்திருப்பதில்லை. 2016-ல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல், ஊரகப் பகுதிகளில் 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரிலும், எஞ்சிய 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரிலும், நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரியிலும்தான் நடந்தது. அந்த 27 மாவட்டங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். சுழற்சி இட ஒதுக்கீட்டில் உங்கள் ஊராட்சி வேறு பிரிவுக்குப் போய்விடுவதும் உண்டு. ஊராட்சித் தலைவரை நீக்கும் நடவடிக்கையைத் தொடங்க ஆட்சியருக்கு ஊராட்சிகள் சட்டத்தின் 205-வது பிரிவு அதிகாரம் தருகிறது. எனவே வேலை செய்கிறவர் மீது புகார் வரும், விசாரணை வரும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும்.

இருந்தும், தோற்றவருக்கும் வென்றவருக்கும் மிச்சம் அதிகம் உள்ள வழி இதுதான் என்பது என் கருத்து. வார்டு வாரியாக யார் யாருக்கு வாக்களித்தார்கள் என்ற அறிவு எந்தக் கட்சித் தலைமையாலும் பறிக்க முடியாதது. விருப்ப மனுவோடு போகும்போது மாவட்டச் செயலாளரும் அதற்கு மதிப்பளிப்பார்.

யாருக்குப் பொருந்தும்: முப்பது வயதை ஒட்டி இருப்பவர்களுக்கும், எந்தக் கட்சி என்று இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | வேட்பாளர் முடிவு | சின்னம் | மறைமுகச் செலவு | வென்றபின் | தோற்றபின் |
|---|---|---|---|---|---|
| பெரிய கட்சி | தலைமை, மாவட்டச் செயலாளர் | நிலையானது | அமைப்பில் பல ஆண்டுகள் | கொறடா கட்டுப்பாடு | கட்சிப் பதவி |
| கூட்டணிக் கட்சி | இரு தலைமைகள் | சொந்தமோ, கடனோ | உள்ளூர் அதிருப்தி | சின்னத்தைப் பொறுத்தது | கூட்டணி நிலைத்தால் மறுவாய்ப்பு |
| தனித்து நிற்கும் கட்சி | தலைமை, எளிது | மாறக்கூடும் | முகவர்களைச் சொந்தமாகத் திரட்டுவது | அவையில் சிறுபான்மை | அனுபவம், பெயர் |
| சுயேச்சை | தாமே | கடைசி 14 நாளில் | எல்லாமே சொந்தப் பணம் | கொறடா இல்லை, கட்சி சேர முடியாது | மிகக் குறைவு |
| உள்ளாட்சி | ஊர். மேல்மட்டத்தில் கட்சி | ஊராட்சியில் கட்சிச் சின்னம் இல்லை | தேர்தல் தள்ளிப்போவது, விசாரணைகள் | நிர்வாக அனுபவம் | வார்டு வாரி அறிவு |

## எந்த வழியிலும் தப்பாத செலவுகள்

தொகுதி என்பது நிலையான எல்லை அல்ல. 2008 மறுவரையறையில் பழைய தொகுதிகள் பல மறைந்தன, பல உருமாறின. 2023-ல் நிறைவேறிய 106-வது அரசியல் சட்டத் திருத்தம், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் அதையொட்டிய மறுவரையறைக்கும் பிறகு சட்டமன்ற இடங்களில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்குகிறது. ஒரே தொகுதியில் பத்தாண்டு உழைப்பைப் போடும் ஆண் இதையும், பெண் தமக்குத் திறக்கப்போகும் இடத்தையும் இப்போதே கணக்கில் எடுக்க வேண்டும்.

தேர்தலே ரத்தாகும் ஆபத்தும் உண்டு. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளிலும் 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகரிலும் பணப்பட்டுவாடா காரணமாகத் தேர்தல் நிறுத்தப்பட்டது. யார் பணம் கொடுத்தாலும், நேர்மையாகச் செலவு செய்தவரின் துண்டறிக்கையும் வேன் வாடகையும் சேர்ந்தே வீணாயின.

போராட்ட வழக்குகளையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனை தீர்ப்பு நாளிலேயே பதவியைப் பறித்து, விடுதலைக்குப் பின் ஆறாண்டுகள் போட்டியிடவும் தடை போடும். அந்தத் தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டால்தான் மீட்சி. 1998-ல் நடந்த ஒரு போராட்டம் தொடர்பான வழக்கின் தீர்ப்பால்தான் 2019 ஜனவரியில் ஒசூர் தொகுதி காலியானது. நிலுவையிலுள்ள வழக்குகளைப் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் குறிப்பிட வேண்டும் என்பதால், வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு எல்லா வழக்கு எண்களையும் வேட்புமனு வாரத்துக்கு முன்பே திரட்டிவிடுவது நல்லது.

வேட்புமனு தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். வென்றாலும் தோற்றாலும், டெபாசிட் போனாலும், முடிவு வெளியான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். சுயேச்சைகளும் சிறு கட்சி வேட்பாளர்களும் தோற்ற களைப்பில் அதிகம் கோட்டை விடுவது இதில்தான். தக்க காரணமின்றிக் கணக்குக் காட்டாதவரைத் தேர்தல் ஆணையம் மூன்றாண்டுகள் தகுதிநீக்கம் செய்யலாம்.